காதைக் காட்டப் போன இடத்தில்

ஓகஸ்ட் 5, செவ்வாய் – வெள்ளவத்தை

இந்தப் பயணம் என் இடது காதுக்காக. பாட்டுப் படிப்பிக்கிற ஒருத்திக்குக் காதில் இரைச்சல் வந்தால் எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க என்னால் முடியவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்கியது. தார ஸ்தாயிக்கும் மேலே எங்கோ ஒரு மெல்லிய சீழ்க்கை, பகலில் பிள்ளைகளின் சத்தத்தில் தெரியாது, இரவில் விசிறியை நிறுத்தினால் அறை முழுக்க அது மட்டும்தான். ஊரில் பார்த்த டொக்டர் கொழும்பில் முழுப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்.

மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில். வாழைச்சேனையில் ஏறிப் பக்கத்தில் இருந்த ஒரு தாய், வெலிகந்தை தாண்டியதும், "மகள், யன்னலச் சாத்துங்க, பனி காதுக்குள்ள போயிரும்" என்றார். நான் எதற்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சாத்தியதும் பையிலிருந்து ஒரு துண்டு தொதலை எடுத்து என் கையில் வைத்தார். மருதானைக்கு முன்னமே தட்டி எழுப்பியும் விட்டார்.

பெரியம்மாவின் மகள் வீட்டில்தான் தங்கல். மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் நாலாம் மாடி, கீழே கரையோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். காலையில் இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். நல்ல மழை, பத்து நிமிடத்தில் வெயில், திரும்ப மழை. அந்த மழைக்குள்ளேயே பாண் ஆட்டோ வந்தது. பேத்தோவன் 1810இல் எழுதிய ஒரு சின்னப் பியானோத் துண்டுதான் இந்த நாடு முழுக்கப் பாண் வந்துவிட்டதென்று சொல்லும் மணி. அதைக் கேட்டதும் மாடி மாடியாகக் கதவுகள் திறக்கின்றன. ஒரு ஒலிக்கு இவ்வளவு பேர் எழும்பி வருவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. கிம்புலா பணிஸ் ஒன்று 100 ரூபாய் எடுத்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் அக்காவின் மாமனார் என் காதைப் பற்றிக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், சித்தாந்தம் வாசித்தவர். "பிள்ளை, இதுக்கு ஏன் டொக்டர்? யோகிமார் வருசக்கணக்கா இருந்து கேக்கிறது உனக்குச் சும்மா கிடைச்சிருக்கு. அனாகத நாதம்" என்றார். அடிபடாமல் உள்ளே தானாகவே ஒலிக்கும் ஓசையைச் சொல்கிறார். அன்பாகத்தான் சொன்னார். ஊரிலும் இதையே வேறு இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை, அதை மாமாவிடமே சொன்னேன். சைவ சித்தாந்தம் உலகத்தையும் உயிரையும் படிப்படியாகப் பிரித்து வைத்த 36 தத்துவங்களில் நாதம் உச்சியில் இருப்பது, சிவதத்துவங்கள் ஐந்தில் முதலாவது. செவியும், செவி பிடிக்கும் ஓசையும் கீழே ஆன்ம தத்துவங்களில் இருக்கின்றன. நடுவில் மாயை, காலம், நியதி, கலை என்று எவ்வளவோ. என் இடது காதில் மட்டும் கேட்கும் சீழ்க்கை அந்த உச்சியிலிருந்து வருகிறது என்றால் இவ்வளவு பாடுபட்டு ஏன் இத்தனை படிகளைப் பிரித்து வைத்தார்கள்? மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதல்ல போய்க் காட்டிப்போட்டு வா, பிறகு கதைப்பம்" என்றார்.

பின்னேரம் ராமகிருஷ்ண மிஷனுக்கு நடந்தேன். அந்த மிஷனின் துறவியான விபுலாநந்த அடிகளை நினைக்காமல் எங்களூர்க்காரர் யாரும் அந்த வாசலைத் தாண்ட முடியாது. காரைதீவில் 1892இல் பிறந்தவர், விஞ்ஞானமும் கணிதமும் படித்தவர், அந்தக் கணக்கையே கொண்டுபோய் வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளில் வைத்தார். குரலுக்கும் இளிக்கும், இன்றைய ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும், இடையில் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். கருவி அழிந்து போனாலும் அந்த விகிதம் அழியாது என்ற நம்பிக்கையில் பேரியாழையும் மகரயாழையும் திரும்ப எழுப்பினார். யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி இதே கொழும்பில் காலமானார். அந்த நூலில் எங்கள் வாவியில் பாடும் நீர்ப்பெண்களான நீரர மகளிரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாடும் மீன் என்று ஊரில் சொல்வதும் அதைத்தான். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும். அதைச் சின்ன வயதில் நான் கேட்டது இந்த இடது காதால்தான்.

ஓகஸ்ட் 6, புதன்

ஐந்து மணிக்கு வரச் சொல்லி 14ஆம் இலக்கம் தந்திருந்தார்கள். டொக்டர் வந்தது ஏழரைக்கு. அவ்வளவு பேர் காத்திருந்த மண்டபத்தில் ஒருவரும் வந்து ஏன் பிந்துகிறது என்று சொல்லவில்லை. சுவரில் தொலைக்காட்சி உச்சச் சத்தத்தில். காதுக்கு வைத்தியம் பார்க்கும் இடம்! பக்கத்துக் கதிரையில் ஒரு பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே இருந்தார். நான் எழும்பிப் போய்க் கேட்டபிறகுதான் சத்தத்தைக் குறைத்தார்கள்.

பரிசோதனை டொக்டருக்கு முன்னமே முடிந்தது. பஞ்சு ஒட்டிய சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். "சத்தம் துளி கேட்டாலும் அமத்துங்க மிஸ்" என்றாள் அந்தப் பிள்ளை. முதலில் 250 ஹேர்ட்ஸ், அப்புறம் 500, 1000, 2000, 4000, 8000. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. அப்படியென்றால் எல்லாமே ஒரே சுரம், ஸ்தாயி மட்டும் மேலே மேலே. அந்த அறைக்குள் எனக்கு ஒரே ஷட்ஜத்தை ஏணி வைத்தாற்போல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஷட்ஜத்தில் ஒரு கலப்பும் இல்லை. தம்புராவின் ஒரு நரம்பை மீட்டினால் அதற்குள் பஞ்சமம் கேட்கும், காந்தாரம் கூடக் கேட்கும், குதிரையில் வைக்கும் அந்தச் சிறு நூல்தான் அவ்வளவையும் வெளியே கொண்டுவருகிறது. மெசின் தரும் ஒலி தனியே, மொட்டையாக வந்து தனியே போகிறது.

வலது காது நல்லது. இடது காதின் வரைபடத்தில் 4000இல் கோடு 45 டெசிபலுக்கு விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறியிருந்தது. டொக்டர் அதைப் பார்த்ததுமே, "ஸ்பீக்கருக்குப் பக்கத்தில இருந்து பாடுறீங்களா?" என்று கேட்டார். திருவிழாக் காலத்தில் இரவிரவாக, இடது பக்கம் பெட்டி, பின்னால் தவில். ஆம் என்றேன். உள்காதில் இருக்கும் மயிர்க்கலங்கள் மனிதருக்கு ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை, பெருஞ்சத்தத்தில் முதலில் போவது அநேகமாக அந்த 4000 அண்டிய பகுதிதான், அங்கிருந்து செய்தி வராமல் போனதும் மூளை தன் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதுதான் நீங்கள் கேட்கும் சீழ்க்கை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருந்து இல்லை. மிச்சத்தைக் காப்பாற்றலாம். "ரொம்ப அமைதியான அறையில படுக்காதீங்க. மெல்லிசா ஒரு சத்தம் ஓடட்டும், மழை, விசிறி, எதுவும்."

வெளியே வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டில் இருந்தேன். அழுகை வந்தது. தம்புராவின் மேல் மினுக்கம் அந்த 4000 பக்கத்தில்தான் கிடக்கிறது. அது எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது என்று கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இரவு காலி வீதியில் ஒரு கடையில் முட்டைக் கொத்து, 1100 ரூபாய், இரண்டு பேருக்குக் காணும். கடைக்கு அரை ஒழுங்கை இருக்கும்போதே தகட்டுச் சத்தம் கேட்கிறது. கொத்து போடுகிற தம்பி சும்மா அடிக்கவில்லை, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் வைத்து அடிக்கிறார், ரொட்டி சிறுக்கச் சிறுக்க நடை துரிதமாகிறது, முடிவில் மும்முறை ஒரு தீர்மானம் வைத்து நிறுத்துகிறார். அதைச் சொன்னேன். "அப்புடி அடிக்காட்டி ஆள் வராது அக்கா" என்று சிரித்தார்.

ஓகஸ்ட் 7, வியாழன் – நூதனசாலை, புறக்கோட்டை

கொழும்பு நூதனசாலை திறந்தது 1877 ஜனவரியில். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் இதே நகரத்தில் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலங்களை வைத்து அவர் எழுதியதும், பிறகு 1918இல் நூலாக வந்த அவருடைய நடராஜர் கட்டுரையும்தான் வெளிநாட்டார் அந்த உருவத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றியவை. நான் போனது அந்தப் பொலன்னறுவை நடராஜருக்கு முன்னால் நிற்க. பின் வலக்கையில் துடி, சின்ன உடுக்கை. "தோற்றம் துடியதனில்" என்று சித்தாந்த நூலான உண்மை விளக்கம் சொல்கிறது, குமாரசுவாமியும் அந்தப் பாட்டை எடுத்துக் காட்டுகிறார். படைப்பு அந்தக் கையில் தொடங்குகிறது என்றால், தோலில் ஒரு அடி விழுந்துதான் தொடங்குகிறது. நேற்று முழுக்க மனதில் கிடந்த பாரம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் கண்டதும் அமைதியை அல்ல. துத்தம், கைக்கிள்ளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரங்களை அடுக்கி, சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, தாளம், வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா என்று கருவிகளைக் கொட்டுகிறார். பேய்கள் ஆடும் சுடுகாட்டில் அவ்வளவு முழக்கம். அதன் நடுவில்தான் அவருக்கு இறைவன் ஆடினார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர் இதைக் கூச்சமில்லாமல் பேசுகிறார். அடிபடாமல் உள்ளே இருக்கும் அனாகதம் யோகியருக்குரியது, வீடு தரும், ஆனால் அதில் இரஞ்சகம் இல்லை, மனிதர் மனத்தை அது மகிழ்விக்காது. அடித்தெழும் ஆகத நாதம் உலகத்தையும் மகிழ்விக்கும், பிறவியையும் அறுக்கும். அதனால்தான் அவர் நூல் முழுக்க இரண்டாவதைப் பற்றியே எழுதுகிறார். மனிதக் குரலையும் அவர் அடியில்தான் தொடங்குகிறார். பேச விரும்பும் ஆன்மா மனத்தைத் தூண்ட, மனம் உடம்பின் தீயைத் தட்ட, தீ காற்றைக் கிளப்ப, அது நாபி, நெஞ்சு, மிடறு, தலை என்று ஏறி வாயால் வெளிவருகிறது. மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புறக்கோட்டையில் செருப்பு வார் அறுந்தது. அதே நேரம் மழை. ஒரு கையில் செருப்பும் மறு கையில் குடையுமாக இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்றபோது, ஒரு தேநீர்க்கடை நானா, "உள்ளுக்கு வந்து இரிங்க மகள், கால் நனையுது" என்று கூப்பிட்டார். பிளேன்டி 60 ரூபாய். எதிரே 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், மழையில் இன்னும் சிவப்பாக. கடையில் வானொலி சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. மஃரிப் பாங்கு, அந்தி நேரத் தொழுகைக்கான அழைப்பு, தொடங்கியதும் நானா வானொலியை நிறுத்தினார். கதைத்துக்கொண்டிருந்த இரண்டு சுமை தூக்கும் ஆட்களும் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வரிக்கும் நானாவின் உதடு மெதுவாக அசைந்தது. முடிந்ததும் கேட்டேன். பாங்கு சொல்பவர் சொல்வதைக் கேட்பவரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். "புள்ள பொறந்தா மொதல்ல வலது காதுல பாங்குதான் சொல்லுவோம். எண்ட பேரனுக்கு நான்தான் சொன்னேன், தூங்கிட்டே இருந்தான்." பிளேன்டிக்கு இரண்டாவது கோப்பையின் காசை அவர் வாங்கவில்லை. பாங்கை அவர்கள் பாட்டு என்று சொல்வதில்லை, நானும் இங்கே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஒலி வந்ததும் மற்ற ஒலிகளை நிறுத்தி அதற்குப் பதில் கொடுக்கிற பழக்கம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்தால் எவ்வளவு நல்லது. அடுத்த கடையில் செருப்பு, 650 ரூபாய் சொல்லி 500க்குத் தந்தார்கள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி – நிக்கினி பௌர்ணமி

பௌர்ணமியும் ஆடி வெள்ளியும் ஒரே நாள். அக்கா வீட்டில் விடிய எழும்பி முழுகி மரக்கறி. பஸ்ஸில் வெள்ளை உடுப்புக்காரர் நிறையப் பேர், சில் எடுக்க, அதாவது எட்டுச் சீலங்கள் என்ற விரத ஒழுக்கங்களை அன்று காக்க, போகிறவர்கள்.

முதலில் பேய்ரா வாவிக்கரையில் கங்காராமை விகாரை. எட்டுச் சீலம் எடுப்பவர்கள் அன்று முழுக்க ஆடல் பாடல் வாத்தியம் எதையும் அண்டுவதில்லை, அது ஏழாவது சீலம். ஆனால் அதே வளவில் ஹேவிசி என்ற விகாரை மேளம் முழங்கியது. தவுல, தம்மெட்டம, கூடவே நம் நாதஸ்வரத்தின் சின்னத் தம்பி என்று சொல்லத்தக்க ஹொரணை. எனக்கு இது புதினமாக இருந்தது. அடித்து முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன், அவர் அரைகுறைத் தமிழில் பதில் சொன்னார். "நங்கி, இது பாட்டு கேக்க இல்ல. புத்தருக்கு மல் பூஜ, பஹன் பூஜ, அது மாதிரி சப்த பூஜ." மலர் வைப்பதுபோல, விளக்கு வைப்பதுபோல, ஒலியை வைக்கிறார்கள். தங்களுக்காகக் கேட்பதைத்தான் அன்று விட்டிருக்கிறார்கள், கொடுப்பதை விடவில்லை. அந்த மனிதரின் விரல் மூட்டுகள் காய்த்துப்போய் இருந்தன.

இதை எழுதும்போது வெள்ளவத்தைப் பக்கம் பார்த்த ஒரு சின்னக் கோயிலைச் சொல்லாமல் விட முடியவில்லை. அங்கே தீபாராதனைக்கு மின்சார மோட்டரில் ஓடும் மேளமும் மணியும் வைத்திருக்கிறார்கள். சுவிச்சைப் போட்டால் தடதடவென்று ஒரே அடி, ஐயர் தீபத்தை உயர்த்தினாலும் இறக்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஆள் கிடைப்பதில்லை, சம்பளம் கட்டாது என்று காரணம் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள்? மேளகாரர் இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் கையில் சேமக்கலத்தைக் கொடுங்கள், தாளம் பிசகினாலும் பரவாயில்லை. அந்த மெசினை நிறுத்துங்கள்.

பின்னேரம் கொச்சிக்கடை. அந்தோனியார் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு முதல் முறை. உள்ளே மெழுகுதிரி வாசனை, முழங்காலில் நிற்பவர்கள், யாரும் உரக்கப் பேசவில்லை.

அப்புறம் பொன்னம்பலவாணேசர். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்தார். இராமநாதனின் தாய், ஆனந்த குமாரசுவாமியின் தந்தைக்கு உடன்பிறந்தவர். வெளியே மேகமூட்டம், உள்ளே விளக்கொளி மட்டும். கல் எதையும் விழுங்குவதில்லை. மணியை விட்ட பிறகும் அதன் இழை தூண்களுக்குள் நெடுநேரம் சுற்றுகிறது.

பூசை முடிவில் பஞ்சபுராணம் என்ற திருமுறைப் பாட்டுகளைப் பாட ஒரு முதியவர் முன்னுக்கு வந்தார். வேட்டி, சால்வை, மூக்குக்கண்ணாடி. மைக் இல்லை, கேட்கவும் இல்லை. சுந்தரரின் திருவாரூர்ப் பாட்டு, "ஏழிசையாய் இசைப்பயனாய் இன்னமுதாய் என்னுடைய தோழனுமாய்", சங்கராபரணத்தில். அவசரப்படவில்லை. தான் விட்ட சுரம் கல்லில் சுற்றி வரும்வரை பொறுத்து, அதன் மேலேயே அடுத்த சொல்லை வைத்தார், ஆகவே ஒற்றை ஆள் பாடினாலும் கூடவே யாரோ சுதி பிடிப்பதாகக் கேட்டது. நான் வலது பக்கம் தூணோரம் நின்றேன். அந்தப் பாட்டு இறைவனை எங்கே தேடத் தொடங்குகிறது என்று அன்றுதான் உறைத்தது. முதலில் ஏழிசை. வாயும் நரம்பும் தோலும் எழுப்புகிற, எழுந்து அடங்குகிற ஏழு சுரங்கள். அவையே அவன், பயனும் அவன், அதற்குப் பிறகு அமுதும் தோழமையும். அப்பர் ஐயாற்றில் "ஓசை ஒலியெலாம் ஆனாய் நீயே" என்று இன்னும் அகலமாகத் திறந்துவிடுகிறார். எல்லாம் என்றால் கொத்துத் தகடும் பாண் ஆட்டோவும் அதில் சேரும். என் காதின் சீழ்க்கையும் சேரும், ஆனால் அதற்கென்று தனிப் பீடம் கிடையாது.

அவர் பாடி முடித்ததும் போய்க் கும்பிட்டேன். "எந்த ஊர் பிள்ளை?" என்றார். மட்டக்களப்பு என்றதும், "அங்க மீன் பாடுமாமே" என்று கேட்டுச் சிரித்தார். வாழையிலையில் சர்க்கரைப் புக்கை தந்தார்கள், நெய் மணக்க, முந்திரிகை வற்றல் தாராளமாக.

இரவு மாமாவுக்கு எல்லாம் சொன்னேன். சார்ங்கதேவர் விசயத்தில் ஒத்துக்கொண்டார், இரைச்சல் விசயத்தில் இன்னும் முழுதாக இல்லை. "அனாகதம் இல்லாமல் ஆகதம் எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லு" என்கிறார். நல்ல கேள்விதான். பத்தரை வரை கதைத்தோம்.

ஓகஸ்ட் 9, சனி – திரும்பல்

பகல் ரயில். சரியான சனம். மாகோ தாண்டியதும் பெட்டியின் கடைசியில் இளந்தாரிகள் ஒரு றபானும் பெட்டித் தகடும் வைத்துக்கொண்டு பைலா பாடத் தொடங்கினார்கள், மூன்று மணித்தியாலம் ஓயவில்லை. வடைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பாட்டுக்குக் கைதட்டினார். களைப்பில் தலை வலித்தாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. நான் இடது காதை யன்னல் பக்கம் வைத்து வலது காதால் கேட்டுக்கொண்டு வந்தேன்.

புறக்கோட்டையில் காதடைப்பான் வாங்கி வந்திருக்கிறேன், சோடி 150 ரூபாய், எங்கள் கோயில் தவில்காரத் தம்பிமாருக்கும் சேர்த்து. வந்த கையோடு கோயில் தலைவரிடம் போய் இந்தத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையை விட்டு வெளி வீதிக்குத் தள்ளி வைக்கக் கேட்டேன், சபையில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். சின்னத் தம்பி காதடைப்பானை வாங்கிக்கொண்டான். மூத்தவர், "அதப் போட்டா நாயனத்திட சுதி எப்புடிக் கேக்கிற மனே?" என்று திருப்பித் தந்துவிட்டார். விடுமுறை முடியமுன் அவரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் காது பார்க்கப் போக வேண்டும்.